கடம்பூருக்குப் போன சமையலறை

எங்கள் ஊரில் நாற்பத்தைந்து நாள் பெருக்காமலும் துடைக்காமலும் விட்ட அறை வீட்டை விட்டுப் போய்விடும். பெரும்பாலும் விடிந்த பிறகு, பால்காரர் வந்து போன கையோடு போகும். சுவர், ஜன்னல், உள்ளே இருக்கிற சாமான் எல்லாவற்றோடும்தான் போகும். நகராட்சியில் அறை மீட்புப் பிரிவு என்று ஒரு மேஜை இருக்கிறது. அங்கே மனு கொடுத்தால் எங்கே போயிருக்கிறது என்று சொல்வார்கள். பதினைந்து நாளுக்குள் போய்க் கூட்டி வந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அது போய்ச் சேர்ந்த வீட்டின் பேருக்கே பதிவாகிவிடும்.

என் சமையலறை மே மாதம் நான்காம் தேதி போயிற்று.

காலையில் கதவைத் திறந்தபோது அடுப்பு இருந்த இடத்தில் பக்கத்து வீட்டு முருங்கைமரம் தெரிந்தது. கீழே கரிசல் மண். பூனை ஒன்று அதற்குள் அங்கே வந்து படுத்திருந்தது. நான் பல் தேய்த்து, தெருமுனைக் கடையில் ஒரு டீ குடித்துவிட்டு நகராட்சிக்குக் கிளம்பினேன்.

என் பெயர் மங்கையர்க்கரசி. வயது நாற்பத்தேழு. பஜாரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். கண் அளவு பார்ப்பது, ஃபிரேம் திருத்துவது, லென்ஸைத் துடைத்துக் கொடுப்பது என் வேலை. கணவர் ஆறு வருஷத்துக்கு முன்பே பிரிந்து தூத்துக்குடிக்குப் போய்விட்டார். மகள் கவின் மதுரையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் நான் மட்டும்தான். ஒரு ஆள் இருக்கிற வீட்டில் அப்படி என்ன அழுக்கு சேரும் என்று கேட்பார்கள். சேரும்.

மார்ச் மாதம் ஒரு சாயங்காலம் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அன்று விசேஷமாக எதுவும் நடக்கவில்லை. யாரும் சாகவில்லை, எனக்குக் காய்ச்சலும் இல்லை. நாளைக்குத் துடைத்துக்கொள்ளலாம் என்று விட்டேன். மறுநாள் தேய்க்கிற நாரை எடுத்துக்கொண்டு போய் வாசலில் நின்றேன். பால் பழுப்பாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. ‘ஒரு அடுப்பைத் துடைக்கத் துப்பில்ல, நீயெல்லாம் ஒரு பொம்பளை’ என்று ஒரு குரல் சொன்னது. அது என் குரல்தான். நாரை வைத்துவிட்டுப் போய்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்கு அடுத்த நாள் துடைக்க வேண்டியது இரண்டாகிவிட்டது. ஒன்று பால். இன்னொன்று, முந்தைய நாள் துடைக்காமல் விட்டது. இரண்டாவதுதான் அதிகம் ஒட்டியிருந்தது.

பிறகு தொட்டியில் பாத்திரம் சேர்ந்தது. மேடையில் எண்ணெய் படிந்தது. காகித டம்ளர் வாங்கி வைத்துக்கொண்டேன். யாராவது வந்தால் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு அதன் முன்னால் நின்று பேசுவேன். தினமும் ஒருமுறை கதவைத் திறந்து, நின்று, என்னைத் திட்டிவிட்டு மூடுவேன். அந்த ஒரு காரியத்தை மட்டும் ஒருநாள் தவறாமல் செய்தேன்.

மீட்புப் பிரிவில் சந்தனக்குமார் என்று ஒரு எழுத்தர் இருந்தார். நல்ல நிதானமான மனிதர். எனக்கு முன்னால் நின்றவருக்குப் பூஜை அறை போயிருந்தது. காரணம் என்ற கட்டத்தில் அவர் ‘இரண்டு கல்யாணம், ஒரு கிரகப்பிரவேசம்’ என்று எழுதியிருந்தார். சந்தனக்குமார் முத்திரை குத்திக் கொடுத்தார்.

என் முறை வந்தது. அறையின் வகை எழுதினேன். நீள அகலம் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் ‘சோம்பேறித்தனம்’ என்று எழுதினேன்.

அவர் அதன் மேல் ஒரு கோடு போட்டார். “இது காரணம் இல்லம்மா. இது வசவு. வசவை இந்தக் கட்டத்துல எழுதக் கூடாது.”

“அப்ப எதுல எழுத?”

“ஃபாரத்துல வசவுக்கு இடமே கிடையாது.”

நான் யோசித்து, ‘பொறுப்பின்மை’ என்று எழுதினேன்.

“அதுவும் வசவுதாம்மா. கொஞ்சம் படிச்ச வசவு.” அதன் மேலும் ஒரு கோடு போட்டார்.

எனக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. கணவர் போனதை எழுதலாமா என்று நினைத்தேன். அது ஆறு வருஷத்துப் பழசு, அதன் பிறகும் நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டுதான் இருந்தேன். அதனால் கட்டம் காலியாகவே இருந்தது.

“பரவாயில்ல, காரணத்தைப் பிறகு எழுதிக்கலாம்” என்று சந்தனக்குமார் பேரேட்டைப் புரட்டினார். “உங்க சமையலறை கடம்பூர்ல இருக்கு. ஸ்டெல்லான்னு ஒரு தையக்காரம்மா வீட்டுல சேர்ந்திருக்கு. பதினெட்டாம் தேதி சாயங்காலம் நாலு மணிக்கு நான் அங்க வருவேன். அதுக்குள்ள நீங்க உங்க கையால ஒரு இடத்தையாவது துடைச்சிருக்கணும். அப்பத்தான் அது பின்னால வரும். காரணமும் எழுதிருக்கணும். இல்லன்னா அந்தம்மா பேருக்கு எழுதிருவோம்.”

இருபதாம் தேதி கவின் விடுமுறைக்கு வருவதாக இருந்தது. வந்தவள் தண்ணீர் குடிக்கக் கதவைத் திறந்தால் முருங்கைமரம் நிற்கும். அவள் என்ன நினைப்பாள் என்பதை நான் அவளுக்கு முன்பாகவே நினைத்துப் பார்த்துவிட்டேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே கடம்பூருக்குப் போனேன். இரண்டு வாளி, ஒரு தென்னந்துடைப்பம், கம்பி நார், பிளீச்சிங் பவுடர், பினாயில், கையுறை எல்லாம் கொண்டு போனேன். ஒரே நாளில் மொத்தத்தையும் பளிச்சென்று ஆக்கிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

ஸ்டெல்லாவின் வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. ரயில் பெட்டிகளைப் போல அறைக்குப் பின்னால் அறையாகப் பதினான்கு அறைகள் நின்றன. பச்சைச் சுவர், நீலச் சுவர், ஒரு டாக்டரின் வாசிப்பு அறை, யாருடையதோ ஒரு மாடிப் படுக்கையறை. முன்னறையில் ஸ்டெல்லா பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவளாக இருப்பாள். தரையெல்லாம் துணித்துண்டும் நூலும் கிடந்தன.

“சமையலறையா? கடைசில நிக்குது, போய்ப் பாருங்கக்கா” என்றாள். எழுந்தபோது கை தட்டிப் பொத்தான் டப்பா கவிழ்ந்தது. இருநூறு பொத்தானாவது உருண்டிருக்கும். அவள் அதைப் பார்த்து, “சரி ஸ்டெல்லா, பிறகு பொறுக்கிக்கலாம்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எனக்கு வழி காட்ட வந்தாள்.

என் சமையலறை அப்படியே இருந்தது. தொட்டியில் பாத்திரம், மேடையில் எண்ணெய், அடுப்பில் பால். கையுறையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். வழக்கமான குரல் வந்தது. ‘சீ. இதெல்லாம் ஒரு மனுசி வாழ்ற இடமா.’

சமையலறை ஓர் அடி பின்னால் போயிற்று.

“திட்டாதீங்கக்கா. நகர்ந்துரும்” என்றாள் ஸ்டெல்லா.

“நான் அதைத் திட்டல. என்னைத்தான் திட்டினேன்.”

“அதைத்தான் அதால கேட்டுக்கிட்டு நிக்க முடியல.”

“நாற்பத்தஞ்சு நாள் பெருக்காததுனாலதான போச்சு?”

“நாள் கணக்கெல்லாம் ஆபீஸ்காரங்க வச்சிருக்கது. இந்த வீட்டுல நான் பெருக்கி ரெண்டு மாசம் ஆச்சு. எதுவும் போகல.” சொல்லிவிட்டு அவள் தைக்கப் போய்விட்டாள்.

நான் வாய்க்குள் திட்டாமல் மனதுக்குள் திட்டிப் பார்த்தேன். அதற்கும் நகர்ந்தது. திட்டியதற்காக என்னைத் திட்டினேன். இரண்டடி நகர்ந்தது. மத்தியானத்துக்குள் அது ஸ்டெல்லாவின் கொல்லையைத் தாண்டிப் பருத்திக்காட்டுக்குள் இறங்கிவிட்டது. நான் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். ‘ஒரு சமையலறைகூட உன்கிட்ட நிக்க மாட்டேங்குது பார்’ என்று நினைத்தபோது ஒரேயடியாகப் பத்தடி போயிற்று. வெயில் மண்டையைப் பிளந்தது. காய்ந்த பருத்திமார்க் குச்சி காலைக் கீறியது. காட்டுக்கு நடுவில் என் சமையலறை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. உள்ளே குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

ஸ்டெல்லா வரப்பில் வந்து நின்று கூப்பிட்டாள். “இன்னைக்குப் போதும்க்கா. நீங்க கிளம்புங்க. நீங்க போயிட்டா அதுவே வந்து சேர்ந்துக்கிடும்.”

அப்படித்தான் நடந்தது. நான் பஸ் ஏறி ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அது மெதுவாகக் கொல்லைப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

அடுத்த ஒரு வாரம் மெஸ்ஸில் சாப்பிட்டேன். பூனை முருங்கையடியில் மூன்று குட்டி போட்டது. நான் ஒவ்வொரு நாளும் கதவைத் திறந்து பார்த்து மூடினேன். திட்டுவதற்கு எதிரே அறை இல்லாததால் குரல் என்னோடு கடைக்கும் வந்தது.

பதினாறாம் தேதி கடைக்கு ஒரு லாரி டிரைவர் வந்தார். கண்ணாடியைக் கைக்குள் மூடி வைத்திருந்தார். ஒரு பக்கம் காதில் சரியாக உட்காரவில்லையாம். மேஜைமேல் வைக்கத் தயங்கினார்.

“ரொம்ப அழுக்கா இருக்கும்மா” என்றார். “துடைச்சுட்டு வரணும்னு நினைச்சேன்.”

“எல்லாருதும் இப்படித்தாங்க வரும். தினமும் போட்டிருக்கது அழுக்காகத்தான செய்யும். குடுங்க, பார்ப்போம்” என்றேன்.

கிரீஸும் வேர்வையும் தூசியும் ஏறி லென்ஸ் மங்கிப் போயிருந்தது. மூக்குப்பட்டையில் பச்சை பிடித்திருந்தது. இரண்டு சொட்டு விட்டு, ஊற வைத்து, மெல்லிய துணியால் துடைத்தேன். அழுத்தித் தேய்த்தால் லென்ஸில் கீறல் விழும். போட்டுப் பார்த்துவிட்டு அவர் கடைக்கு எதிரே இருந்த போர்டை ஒரு எழுத்து விடாமல் சத்தமாக வாசித்தார். சந்தோஷமாகப் போனார்.

அவர் போன பிறகு கொஞ்ச நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். எல்லாருதும் இப்படித்தாங்க வரும். ஒரு நாளைக்கு இருபது தடவையாவது இதைச் சொல்கிறேன். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவரைக்கூட, ‘இதெல்லாம் ஒரு மனுசன் போடுற கண்ணாடியா’ என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவர்கள் கண்ணாடியைக் கைக்குள் மூடிக்கொண்டு திரும்பிப் போயிருப்பார்கள். பாதிக் கண்ணோடு லாரி ஓட்டியிருப்பார்கள்.

முதலாளியிடம் பதினெட்டாம் தேதிக்கு லீவு சொன்னேன்.

இந்தத் தடவை வாளி கொண்டு போகவில்லை. லென்ஸ் துடைக்கிற துணி ஒன்றும் ஒரு சிறிய பாட்டிலில் சோப்புத் தண்ணீரும் மட்டும் கைப்பையில் இருந்தன. சமையலறை ஸ்டெல்லா வீட்டுக் கடைசியில் நின்றது. வாசலுக்கு வெளியே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். எனக்கு என்னிடம் எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை. மரியாதையாகப் பேச எனக்குத் தெரிந்தது கடைக்கு வருகிறவர்களிடம் மட்டும்தான். அதனால் அப்படியே பேசினேன்.

“வாங்க, உக்காருங்க. எத்தனை நாளாச்சு?”

“ரெண்டு மாசம் ஆச்சுங்க” என்று நானே சொன்னேன்.

“பரவாயில்ல. எல்லாருதும் இப்படித்தான் வரும்.”

சமையலறை அசையவில்லை.

“ரொம்பச் சிரமமா இருந்துச்சா?”

இதைக் கடையில் நான் எல்லாரிடமும் கேட்பதுதான். கண் வலிச்சுச்சா, தலை சுத்துச்சா, சிரமமா இருந்துச்சா. ஆனால் இப்போது பதில் சொல்ல வேண்டியவள் நானாக இருந்தேன்.

“ஆமாங்க” என்றேன். “ஒருத்திக்கு மட்டும் பால் காய்ச்சிக்கிட்டு இருந்தேன். அது பொங்கிருச்சு. களைப்பா இருந்துச்சு. யாராவது வந்து, நீ உக்காரு, நான் துடைக்கிறேன்னு சொன்னா நல்லா இருக்கும்னு தோணுச்சு. யாரும் இல்ல. அதான் விட்டுட்டேன்.”

“அப்படியா. சரி, நீங்க உக்காருங்க” என்றேன்.

அதன் பிறகு வெகுநேரம் அழுதேன். அழுகை நின்றபோது பார்த்தால் வாசற்படி என் முழங்காலில் வந்து இடித்துக்கொண்டு நின்றது.

உள்ளே போனேன். அடுப்பில் இரண்டு பர்னர். இடது பக்கத்தது மட்டும் போதும் என்று நினைத்தேன். சோப்புத் தண்ணீர் விட்டு ஊற வைத்தேன். காய்ந்த பால் கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளையாகி இளகியது. அழுத்தவில்லை. துணியைப் புரட்டிப் புரட்டித் துடைத்தேன். அரைமணி நேரத்தில் இடது பர்னர் துலங்கிவிட்டது. வலது அப்படியே இருந்தது. தொட்டி அப்படியே இருந்தது. குரல் வந்து, ‘இவ்வளவுதானா’ என்றது. “இன்னைக்கு இவ்வளவுதாங்க. மீதியை நாளைக்குப் பார்ப்போம்” என்றேன். அது கொஞ்சம் யோசித்துவிட்டுப் போயிற்று.

ஸ்டெல்லா இரண்டு டம்ளரில் டீ கொண்டு வந்தாள். படியில் உட்கார்ந்து குடித்தோம்.

“உன்கிட்ட எப்படி இத்தனை அறை வந்து சேருது?” என்று கேட்டேன்.

“எனக்குப் பதினாலு வருஷத்துக்கு முன்னால வீடே போயிருச்சுக்கா. எல்லா அறையும் ஒரே நாள்ல. என் வீட்டுக்காரர் திட்டிக்கிட்டே இருப்பாரு. அவர் செத்த பிறகு அந்த வேலையை நான் எடுத்துக்கிட்டேன். அவரைவிட நல்லாத் திட்டுவேன், எனக்குத்தான என்னோட எல்லாம் தெரியும். கடைசில வாசப்படி ஒண்ணுதான் மிச்சம். மழைக்கு மேல ஒரு தார்ப்பாயக் கட்டிக்கிட்டு வாசப்படியில உக்காந்து தைச்சேன். திட்டுறதுக்கு ஒண்ணுமே இல்லாமப் போச்சா, சும்மா பேச ஆரம்பிச்சேன். ஊசி குத்துனா, வலிக்குதா ஸ்டெல்லான்னு கேப்பேன். ஒரு வருஷம் கழிச்சு ஒரு ஸ்டோர் ரூம் வந்துச்சு. என்னுது இல்ல, யாருதோ.”

“உன்னோடது திரும்பி வரலையா?”

“ஒண்ணு வந்துச்சு. முன்னறை. மத்தது வேற எங்கயாவது நல்லா இருக்கும்” என்றாள். டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, “உங்க சமையலறைல காத்து நல்லா வரும். நீங்க கூட்டிட்டுப் போயிட்டா எனக்குக் கொஞ்சம் சங்கடம்தான்” என்றாள்.

சரியாக நாலு மணிக்குச் சந்தனக்குமார் சைக்கிளில் வந்தார். பர்னரைக் குனிந்து பார்த்தார். விரலால் தொட்டுப் பார்த்தார். ஃபாரத்தை எடுத்துக் காலியாக இருந்த கட்டத்தைக் காட்டினார். நான் எழுதினேன். ‘பால் பொங்கிவிட்டது. அன்று களைப்பாகவும் தனியாகவும் இருந்தேன்.’

அவர் இரண்டு தடவை வாசித்தார். “இது காரணம்” என்று சொல்லி முத்திரை குத்தினார்.

அறைகள் பஸ்ஸில் ஏறாது. நான் பஸ்ஸில் வந்தேன். அது காட்டுவழியாக நடந்து மறுநாள் காலை எட்டு மணிக்கு வந்து சேர்ந்தது. பூனைக்குட்டிகளை எடுத்து ஹாலில் ஒரு அட்டைப்பெட்டியில் விட்டேன். சமையலறை தன் இடத்தில் உட்கார்ந்தது. அன்று இரண்டு பாத்திரம் கழுவினேன். அதற்கு மறுநாள் ஒரு குக்கர். அடியில் என்ன இருந்தது என்று நான் சொல்லப்போவதில்லை.

இருபதாம் தேதி கவின் வந்தாள். பையை இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க நேரே உள்ளே போனாள். தொட்டியில் முக்கால்வாசி அப்படியேதான் இருந்தது. நான் கதவுக்கு முன்னால் போய் நிற்கவில்லை. அவள் பின்னாலேயே போய், “கொஞ்ச நாள் முடியாம இருந்துச்சும்மா. இப்பத்தான் ஒண்ணொண்ணாப் பார்க்கேன்” என்றேன்.

அவள் பாத்திரங்களைப் பார்த்தாள். இடது பர்னரைப் பார்த்தாள். பிறகு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றாள்.

“அம்மா, என் ஹாஸ்டல் ரூம் போயிருச்சும்மா.”

“எப்போ?”

“ரெண்டு வாரமாச்சு. வராண்டால படுத்துக்கிடுதேன். உன்கிட்ட சொன்னா என்ன நினைப்பியோன்னு சொல்லல. மத்தவங்க ரூமெல்லாம் அங்கயேதான் இருக்கு. நான்தான் ஒண்ணுக்கும் லாயக்கில்லாத…”

சமையலறை லேசாக ஆடியது. மேடையில் டம்ளர்கள் உரசின.

“மெதுவாப் பேசும்மா” என்றேன். “இது நேத்துதான் வந்திருக்கு.”

அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் கட்டிலில் உட்கார வைத்தேன். மகளிடம் எந்தக் குரலில் கேட்பது என்று நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. “ரொம்பச் சிரமமா இருந்துச்சா?” என்று கேட்டேன். முதல் செமஸ்டரில் ஒரு பேப்பர் ஃபெயிலாகிவிட்டதாம். ரிசல்ட் வந்த அன்று துணி துவைக்கவில்லையாம். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பூனைக்குட்டி பெட்டியிலிருந்து ஏறி அவள் மடியில் வந்து தூங்கியது.

“எங்க போயிருக்குன்னு சொன்னாங்களா?”

“திருமங்கலம் பக்கம் ஒரு சைக்கிள் கடைக்காரர் வீட்டுலயாம். நாளைக்குக் கடைசி நாள்.”

“சரி. நாளைக்குப் போவோம். நான் வெளிய உக்காந்திருக்கேன். நீ ஏதாவது ஒரு மூலையைத் துடை. மேஜையே போதும். முடியலன்னா மேஜைல பாதி.”

மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டோம். திருமங்கலம் வழியாகப் போகும் மதுரை பஸ் கிளம்பாமல் நின்றது. டிரைவர் கீழே இறங்கி டீ குடித்துக்கொண்டிருந்தார். கண்டக்டரிடம் எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டேன்.

“மதுரை ரோடு குளிக்கப் போயிருக்குங்க” என்றார். “கம்மாய்க்குத்தான் போயிருக்கு. அரைமணி நேரத்துல வந்துரும். ஏறி உக்காருங்க.”

ஜன்னலோரம் கவின் உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் என் தோளில் சாய்ந்து கண்ணை மூடினாள். ஏழே முக்காலுக்கு ரோடு ஈரம் சொட்டச் சொட்ட வந்து படுத்தது. கொஞ்சம் காயட்டும் என்று டிரைவர் இன்னொரு டீ சொன்னார்.